யார் முதலில்

லு பூர்ஜே ரயிலடியில் கதவு பூட்டியிருந்தது.
வேலைநிறுத்தம் என்று ஒட்டிய தாளில்
பாதி எழுத்தை மழை கரைத்துவிட்டிருந்தது.
மிச்சப் பாதியே போதுமாயிருந்தது.

எட்டு நாற்பதுக்கு பொபினியில் எனக்கு முறை.
வதிவிட அட்டை. ஐந்து மாதம் இரவிரவாகக்
கணினியைத் தட்டித் தட்டிப் பிடித்த நாள்.
நெஞ்சோடு ஒரு நீலக் கோப்பு:
வாடகைச் சிட்டை, சம்பளச் சிட்டை, மின்சாரச் சிட்டை,
நான் நான்தான் என்பதற்கு
மூன்று பிரதி.

செயலியைத் திறந்தேன்.
யாசின். சாம்பல் நிறப் பெஜோ.
நான்கு நிமிடம்.

தேத்தண்ணி கொதிக்கிற நேரம்தானே.
குடையை மடக்கி, முன்னால் போய்
நடைபாதை விளிம்பில் நின்றேன்,
வருகிறவனுக்கு என்னைத் தேடுகிற வேலை
இருக்கக்கூடாதென்று.

ஆறு நிமிடம் கழித்தும்
நான்கு நிமிடம்.

திரையில் அந்தச் சின்னக் கார்
ஒரு பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்தில்
மூக்கை வடக்கே வைத்துக்கொண்டு நின்றது.
மெல்லத் திரும்பியது. வெளிக்கிட்டுவிட்டான் என்றிருந்தேன்.
மூக்கைத் தெற்கே வைத்துக்கொண்டு
நின்றது.

அழைத்தேன். மணி அடித்தடித்து ஓய்ந்தது.
எழுதினேன்: ஐயா, எனக்கு அவசரம்.
'பார்த்தார்' என்று அடியில் விழுந்தது.
பதிலும் வந்தது: வருகிறேன் மேடம்.
கார் அசையவில்லை.

அப்போதுதான் விளங்கியது,
போன ஞாயிற்றுக்கிழமையை வைத்து.
என் வீட்டு மேசையில் தம்பி சுகந்தன்
ஆட்டெலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்:
"கிட்டடி ஓட்டமெண்டால் ஏழு யூரோவும் வராதக்கா.
நான் ரத்துச் செய்தால் என்ர புள்ளி குறையும்.
அசையாமல் இருந்தால் அவையே
அலுத்துப்போய் ரத்துச் செய்வினம்.
சிலநேரம் அந்தக் காசும் எனக்குத்தான்."
நான் சிரித்தேன்.
கெட்டிக்காரனடா நீ என்று
இன்னொரு அகப்பை இறைச்சி வைத்தேன்.

எட்டுப் பத்து.
எனக்கும் யாசினுக்கும் நடுவில்
ஒரு சிவப்புப் பொத்தான்.
அமத்தினால் ஐந்து யூரோ போகும்.
அமத்தாவிட்டால் நாள் போகும்.
அவன் கடதாசிக் குவளையில் கோப்பியை
ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பான்,
விமான நிலையத்துக்கு நீளமாய் ஒரு ஓட்டம்
விழாதா என்று.

ஐந்து யூரோவுக்காக, வீம்புக்காக,
இன்னும் ஐந்து நிமிடம் நின்றேன்.
இதை யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு அமத்தினேன்.
ஏன் ரத்துச் செய்கிறீர்கள் என்று செயலி கேட்டது.
நாலு காரணம் தந்து ஒன்றைத் தொடச் சொன்னது.
சுகந்தன் அதில் இல்லை.
'மற்றவை'யைத் தொட்டேன்.

அடுத்தது மரியாமா, பழைய தொயோத்தா.
ஒன்பது நிமிடம் என்றாள், ஒன்பதில் வந்தாள்.
பின்னிருக்கையில் பிள்ளை இருக்கை,
அதில் பாதி கடித்த பிஸ்கட்.
"பொபினி மட்டும்தானா?" என்று பெருமூச்சு விட்டாள்.
கண்ணாடியில் நீலக் கோப்பைக் கண்டாள்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை;
சந்தியில் நெரிசலைப் பார்த்ததும்
பேசாமல் பஸ் பாதையில் ஏற்றினாள்.

எட்டு நாற்பத்துமூன்று.
வாசல் காவலாளி என் தாளைப் பார்க்காமல்
தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
சரி, போ என்பதுபோல் தாடையை அசைத்தான்.
உள்ளே என் இலக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
சுவரில் எரிந்துகொண்டிருந்தது எழுபத்துநான்கு.

ஈரச் சப்பாத்தோடு கதிரையில் இருக்கிறேன்.
மரியாமாவுக்கு எத்தனை நட்சத்திரம்
என்று போன் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.
அதற்கு மேல் வந்து விழுகிறது தம்பியின் செய்தி:
அக்கா, இந்த ஞாயிறு என்ன கறி?

பார்த்துவிட்டேன்.
பார்த்துவிட்டேன் என்று அவனுக்கும் தெரியும்.

எழுபத்தைந்து.
நான் அசையவில்லை.